மாலை கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு

குத்துதோ பிள்ளை? குத்தும். சட்டத்தின்ர மூலை அது. நான் என்ன செய்ய, இந்த பஸ்ஸில ஒருத்தர் மடியில வைக்கிற சாமான் ரெண்டு பேரின்ர மடியிலதான் இருக்கும். கொஞ்சம் உங்கட பக்கம் உயர்த்திப் பிடியுங்கோ... ஆ, அப்பிடித்தான். இப்ப நேரா இருக்கு. நேரா இல்லாட்டி எனக்கு இப்பெல்லாம் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. முந்தி நான் இப்பிடி இல்ல. எல்லாம் அந்த நோபேட்டால வந்த வினை.

நோபேட் ஆரெண்டு கேக்கிறீங்களோ... நீங்க கேக்கேல்லத்தான். காதில வயர் கிடக்கு. பரவாயில்ல, ஒரு காதை இஞ்சால தாங்கோ. நோபேட் கொட்டாஞ்சேனைப் பெடியன். பெடியன் எண்டா தலை நரைச்சிட்டுது, நாங்க சொல்லுறதுதானே. படம் எடுக்கிறவர். படம் எண்ட உடன நீங்க பெரிசா ஒண்டும் நினைக்க வேண்டாம். சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒருத்தரும் ஒருத்தரையும் துரத்தேல்ல. ஒரு வீடு வாடகைக்குக் கிடக்கு. ஆக்கள் பாக்க வருகினம், செற்றியில இருக்கினம், தேத்தண்ணி குடிக்கினம், பேந்து சொல்லுறம் எண்டு போகினம். இவ்வளவுதான். இதைத் தியேட்டரில போட்டு, சனமும் எழும்பி நிண்டு கை தட்டுது. அந்தச் செற்றி என்ர செற்றி. அந்த ஹோல் என்ர ஹோல். அதுதான் என்ர கரைச்சல்.

கொண்டக்டர் மல்லி, வத்தள எக்காய்... ஓம் பிள்ளை, ஒரு டிக்கட், எனக்கு வத்தளை. நீங்க? ஜா-எலவோ. நல்லது, அப்ப நேரம் கிடக்கு.

நான் வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கத்து ஃபிளாட். ரயில் போனா அலுமாரிக்குள்ள கோப்பையெல்லாம் தங்களுக்குள்ள கதைக்கும். ஒரு நாள் பெல் அடிக்குது. திறந்தா மெலிஞ்ச மனுசன், கண்ணாடி, முகத்தில ஒண்டுமில்ல. உங்கட ஹோலை ஒருக்காப் பாக்கலாமோ அக்கா எண்டு கேட்டார். மீற்றர் பாக்க வந்த ஆள் எண்டு நினைச்சு விட்டிட்டன். வந்தவர் ஹோலுக்கு நடுவில நிண்டுகொண்டு, ஒரு கண்ணை மூடிச் சுவரப் பாக்கிறார். கனநேரம் பாத்தார். நானும் பாத்தன், பல்லி ஏதும் கிடக்கோ எண்டு. கடைசியா, நல்லது எண்டார். அந்த மனுசன்ர வாயில இருந்து வாற முழுப் பாராட்டும் அதுதான். நல்லது. மழை பெய்தாலும் நல்லது, கமரா பழுதானாலும் நல்லது.

பேந்து வந்தினம், சுவருக்கு கஸ்டட் மஞ்சள் அடிச்சினம். ஜன்னல் கேற்றினும் மஞ்சள், தேத்தண்ணிக் கோப்பையும் மஞ்சள். படத்தில வீட்டுக்காரியா நடிக்க வந்தவவுக்கு உடுத்தினதும் மஞ்சள் சீலை. ஆள் எங்க முடியிறா, சுவர் எங்க தொடங்குது எண்டு தெரியாது. நான் கேட்டன், ஏன் தம்பி மனிசியச் சுவரோட ஒட்டி வச்சிருக்கிறீங்க எண்டு. அவர் சொன்னார், "அவ கன காலமா அந்த வீட்டில இருக்கிறா அக்கா."

எனக்கு முதல் விளங்கேல்ல. உங்களுக்கு விளங்கிச்சோ? படிச்ச பிள்ளை, உங்களுக்கு விளங்கும். எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் விளங்கிச்சு. விளங்கின பிறகு நித்திரை வரேல்ல, அது வேற கதை.

கமரா எண்டா அசையிறதில்ல பிள்ளை. செற்றிக்கு நேர் எதிரில, சாமித் தட்டுக்கு முன்னால நாங்க நிக்கிற மாதிரி நிக்கும். ஆக்கள் இந்தப் பக்கத்தால வந்து, நட்ட நடுவில இருந்து, அந்தப் பக்கத்தால போவினம். போறவைக்குப் பின்னால கமரா போகாது. வெறும் செற்றியப் பாத்துக்கொண்டு நிக்கும், இன்னும் ஆரும் வருவினம் எண்ட மாதிரி. நடிக்கிறவைக்கும் சிரிக்கக்கூடாது எண்டு கட்டளை. அழவும் கூடாது. தண்ணி எத்தினை மணிக்கு வரும் எண்டு கேக்கிற மாதிரித்தான் எல்லாத்தையும் கேக்கவேணும்.

ஒரு நாள் பிஸ்கட் தட்டு வச்சிருந்தினம். நடுவில ஒண்டு, சுத்திவரப் பூப்போல. நான் பசியில அந்தக் கரையில இருந்து ஒண்டை எடுத்துச் சாப்பிட்டிட்டன். என்ர வீடு, என்ர தட்டு. எல்லாரும் அப்பிடியே நிண்டிட்டினம். நோபேட் வந்தார், தட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். ஏசுவார் எண்டு நினைச்சன். நான் எடுத்ததுக்கு நேர் எதிரில இருந்த பிஸ்கட்டை எடுத்து, மெதுவா, முழுக்கச் சாப்பிட்டார். பிறகு, இப்ப சரி எண்டு போயிட்டார்.

சிரிக்கிறீங்க. நான் அண்டைக்குச் சிரிக்கேல்ல. இப்ப தனிய இருக்கேக்க நினைச்சுச் சிரிக்கிறனான்.

இதாலதான் பிள்ளை எனக்கு இந்த நோய் தொத்தினது. டிரைவருக்கு மேல பாருங்கோ. புத்தர் நடுவில, மாதா ஒரு பக்கம், பிள்ளையார் ஒரு பக்கம். வடிவு. ஆனா பிள்ளையார் கொஞ்சம் கூடத் தள்ளிப்போனார். நோபேட் கண்டா பஸ்ஸை நிப்பாட்டுவார். நீங்களும் கொஞ்சம் பின்னால சாஞ்சு இருங்கோ, அந்த ஜன்னல் கம்பி உங்கட முகத்தை ரெண்டாப் பிரிக்குது. ஆ... நல்லது.

என்ன சொல்ல வந்தனான்? ஓம், கரைச்சல். கரைச்சல் என்னெண்டா, உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டிட்டினம். இந்தச் சட்டத்துக்குள்ள இருக்கிறது என்ர தம்பி. யோகராஜ். போட்டோதான், பயப்பிடாதேங்கோ. ஆள் வத்தளையில கல்லு மாதிரி இருக்கிறான். ஆனா கனடாவைக் கேட்டா, லண்டனைக் கேட்டா, அவன் போய்ச் சேந்திட்டான்.

எங்கட ஹோல் சுவரில, மணிக்கூட்டுக்கு இடப் பக்கம் என்ர மனுசன்ர போட்டோ. சுந்தரலிங்கம். அவர் மெய்யாவே காலமானவர், அதில பிழை இல்லை. வலப் பக்கம் வெறுஞ்சுவர். நோபேட்டுக்கு அது பொறுக்கேல்ல. வந்து வந்து அந்த வெறுஞ்சுவரைப் பாக்கிறார், பல்லு விழுந்த வாயைப் பாக்கிற மாதிரி. அக்கா, இதே அளவில, இதே மாதிரி இன்னொண்டு இருக்குமோ எண்டு கேட்டார். இருந்துது. அலுமாரிக்குள்ள, கூறைச்சீலைக்குக் கீழ.

என்ர கலியாணத்தில யோகராஜ்தான் மாப்பிள்ளைத் தோழன். முதல் நாள் ரெண்டு பேரையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பினது, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு. ஸ்டூடியோவில ஒரு கோட்டுத்தான் இருந்துதாம். அதை இவர் போட்டு எடுத்து, கழட்டிக் குடுக்க, அவன் போட்டு எடுத்திருக்கிறான். அதே கோட், அதே டை, அதே கதிரை. மீசையும் ஒரே மாதிரி, அந்தக் காலத்தில எல்லாருக்கும் ஒரே மீசைதானே. ரெண்டையும் பக்கத்தில வச்சா ஒருத்தர் கண்ணாடியில தன்னைப் பாக்கிற மாதிரி இருக்கும். நோபேட்டின்ர புருவம் உயர்ந்ததை நான் கண்டது அண்டைக்குத்தான்.

மாலை போட்டது அஷ்பாக். மாளிகாவத்தைப் பெடியன், நோபேட்டின்ர சாமான் வேலையெல்லாம் அவர்தான். சந்தன மாலை ரெண்டு, சின்னச் சிவப்பு பல்ப் ரெண்டு. அவரில குற்றமில்ல, அவையின்ர வீடுகளில போட்டோ மாட்டுறதில்ல, மாலையும் இல்லை. அவருக்குத் தெரியாது.

படம் போட்ட அண்டைக்கு என்னையும் கூப்பிட்டினம். முன் வரிசைக்கு அடுத்தது, நடுச் சீற். நோபேட் தானே வந்து இருத்திப்போட்டுப் போனார். படம் ஓடுது. முதல் ஒரு புருசன் பெண்சாதி வீடு பாக்க வருகினம். மனிசி மேல பாக்கிறா. ஆர் இவர் எண்டு என்ர மனுசனைக் காட்டிக் கேக்கிறா. மஞ்சள் சீலைக்காரி சொல்லுறா, "முதல் இருந்தவர்." அப்ப இவர் எண்டு யோகராஜைக் காட்டிக் கேக்க, "அவருக்குப் பிறகு இருந்தவர்."

புருசன் தேத்தண்ணிக் கோப்பைய மெதுவா வைக்கிறார். மனிசியும் வைக்கிறா. ரெண்டும் ஒரே நேரத்தில சோசரில வந்து இருக்குது. எழும்பிப் போகினம். செற்றி மட்டும்.

தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில இருந்த ஐயா துடையில அடிச்சு அடிச்சுச் சிரிக்கிறார். எனக்கு என்ர மனுசனைச் சிரிக்கினமே எண்டு கோவம் வரவேணும், என்ன? நான் பாத்துக்கொண்டிருக்கிறன், வரேல்ல. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது பிள்ளை. சீலைத் தலைப்பை வாயில வச்சும் அடக்கேலாமப் போச்சு.

படத்துக்குப் பிறகு எங்கட சொந்தத்தில கொஞ்சப் பேர் கேட்டினம், இதென்ன படம், ஒருத்தரும் முகத்தில ஒண்டும் காட்டாமக் கதைக்கினம், கமராக்காரன் நித்திரையோ எண்டு. எனக்குப் பொல்லாத கோவம். அவையளுக்கு நான் சொன்னனான், சிரிப்புக் காட்டுறவன் சிரிச்சா அது பகிடி, சிரிக்காட்டித்தான் அது நோபேட் எண்டு. உங்களுக்கு விளங்காட்டி பிஸ்கட்டைச் சாப்பிட்டிட்டுச் சும்மா இருங்கோ எண்டன்.

பேலியகொடை வந்திட்டுதோ? இல்ல, அது கோயில். இன்னும் பாலம் வரேல்ல.

பிறகுதான் விசயம் பிழைச்சுது. படத்தின்ர துண்டொண்டை ஃபோனில விட்டிருக்கினம், அந்தச் செற்றி, அந்த ரெண்டு போட்டோ, மாலை, பல்ப். கனடாவில சின்னம்மா பாத்திட்டா. ஐயோ யோகராஜும் போயிட்டானோ எண்டு. இப்ப நீங்க சொல்லுங்கோ, செத்த வீட்டுக்கு ஃபோன் அடிச்சு, செத்திட்டாரோ எண்டு கேக்கேலுமோ? கேக்கேலாது. மரியாதை இல்லை. அதால அவை ஒருத்தருக்கொருத்தர் அடிச்சுக் கேட்டிருக்கினம். உங்களுக்குத் தெரியுமோ, ஓம் எனக்கும் சொன்னவை. எல்லாருக்கும் எல்லாரும் சொல்லி உறுதியாப் போச்சு. லண்டனில பழைய மாணவர் சங்கம் கண்ணீர் அஞ்சலி அடிச்சு விட்டிட்டினம். பூ, விளக்கு, அந்தக் கோட்டோட யோகராஜ். நல்ல விளையாட்டு வீரனாம். அவன் வாழ்க்கையில கரம் போட் தவிர ஒண்டும் விளையாடினதில்ல.

வத்தளைக்கு ஒரு புருசன் பெண்சாதி வெள்ளை உடுத்துக்கொண்டு துக்கம் கேக்கப் போயிருக்கினம். கதவைத் திறந்தது அவனே. சாரத்தோட, கையில பேப்பர். அவை பேயறைஞ்ச மாதிரி நிண்டிருக்கினம். இவன் சிரிக்கேல்ல. "உள்ள வாங்கோ. கொஞ்சம் பிந்திட்டீங்க, தேத்தண்ணி மட்டும்தான் மிச்சம்" எண்டு கூட்டிக்கொண்டு போய் இருத்தியிருக்கிறான். நிஷாந்திதான் சொன்னவ, அவன்ர மனிசி. என்னோட ஒளிச்சு ஒளிச்சுக் கதைக்கிறவ.

ஏன் ஒளிக்கிறா எண்டோ? ம்... அவனும் நானும் கதைக்கிறேல்ல. என்ர மனுசன் போன நாளில இருந்து.

பிள்ளை, என்ர மனுசன் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனவரில்ல. எங்கட கலியாணத்துக்கே முகூர்த்தம் முடியப் போகேக்கதான் வந்தவர், இவன்தான் இழுத்துக்கொண்டு வந்தவன். அப்ப மலர்ச்சாலையில கிரியை எல்லாம் முடிஞ்சு, பெட்டியத் தூக்கிற நேரம். நான் தலைமாட்டில இருக்கிறன். கால்மாட்டில யோகராஜ். மணிக்கூட்டைப் பாத்தான். பாத்திட்டு, எல்லாருக்கும் கேக்கச் சொன்னான், "அத்தான் இண்டைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடுறார்."

சனம் சிரிச்சிட்டுது. செத்த வீட்டில. என்ர மனுசன்ர பெட்டிக்கு முன்னால. அழுதுகொண்டிருந்த பெண்டுகள் கூடச் சிரிச்சவை. நான் எழும்பிச் சொன்னன், இனி என்ர வாசல் மிதிக்காத, என்ர அளவில நீயும் செத்திட்டாய் எண்டு. அவன் பிறகு மிதிக்கேல்ல.

அதால அஷ்பாக் ரெண்டாவது மாலையக் கையில வச்சுக்கொண்டு, அக்கா, இவருக்கும் போடலாம் தானே எண்டு கேக்கேக்க... ஓம், கேட்டவர். கேக்காமப் போட்டவர் எண்டு நான் சொன்னனானோ? சொல்லேல்லையே. அவர் வடிவாக் கேட்டவர், இவரும் இல்லையோ அக்கா எண்டு. நான்தான் சொன்னன், இல்லை, போடுங்கோ எண்டு. கதிரையப் பிடிச்சதும் நான்தான். அப்ப மனசுக்கு நல்லா இருந்தது பிள்ளை, பொய் சொல்லுவானேன். சொன்ன சொல்லை நிறைவேத்தின மாதிரி இருந்தது.

ஆனா தியேட்டரில... நான் ஒண்டு சொல்லாமல் விட்டிட்டன். அந்தப் பகிடிக்குப் பிறகு, அவை போன பிறகு, கமரா போகேல்ல எண்டு சொன்னனே. மஞ்சள் சீலைக்காரி வாறா. ரெண்டு கோப்பையையும் எடுக்கிறா. எடுத்துக்கொண்டு, ரெண்டு போட்டோவுக்கும் கீழ, நட்ட நடுவில இருக்கிறா. சும்மா இருக்கிறா. சனம் இன்னும் சிரிக்குது. அவ இருக்கிறா. சிரிப்புக் குறையுது. அவ இன்னும் இருக்கிறா. கடைசியில ஒரு சத்தமில்ல தியேட்டரில. அப்பத்தான் எல்லாருக்கும் தெரியுது, அவ பகிடி விடேல்ல. அவவுக்கு அதை வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்ல, அவ்வளவுதான்.

எனக்கு அங்க இருந்து எழும்பேலாமப் போச்சு. மலர்ச்சாலையில சனம் சிரிச்சது. யோகராஜ் சிரிச்சவனோ? நான் சிரிச்ச சனத்தைத்தான் பாத்தனான். அவன்ர முகத்தைப் பாக்கவே இல்லை. பிறகு ஆரோ சொன்னவை, கனத்தைச் சுடலை வரைக்கும் அவன் செருப்பில்லாமல் நடந்து வந்தவனாம், கால் வெந்து போச்சாம், அத்தான் கோட்டைக் கழட்டித் தந்த மனுசன் எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டு. அப்ப நான் அதையும் காதில விழுத்தேல்ல. நான் கமராவைக் கெதியாத் திருப்பிப்போட்டன் பிள்ளை.

இல்ல, கண்ணில தூசி. இந்தப் பாலத்தில எப்பவும் தூசிதான்.

போன கிழமை ஃபோனில குரல் ஒண்டு வந்து கிடக்கு. கன வருசத்துக்குப் பிறகு. வணக்கம் இல்லை, சுகமோ இல்லை. "அக்கா, படம் பாத்தனான். என்ர மாலை கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு. நிமித்தி விடு."

நோபேட்டின்ர படத்தில ஒண்டும் சரிஞ்சிருக்காது எண்டு எனக்குத் தெரியும். உடன அவருக்கு அடிச்சுக் கேட்டன். அவர் சொன்னார், கடைசிக் காட்சியில ரயில் போகேக்க சுவர் அதிர்ந்தது அக்கா, வலப் பக்கத்துப் போட்டோ தானாச் சரிஞ்சது, நான் கை வைக்கேல்ல, முழுப் படத்திலயும் அது ஒண்டுதான் நேரில்லாதது எண்டு. அதை ஒருத்தரும் கவனிக்கேல்லையாம். ஆர் அக்கா கண்டது எண்டு கேட்டார். செத்தவர்தான் எண்டன். நல்லது எண்டார்.

அதுதான் மாலையைக் கழட்டிப்போட்டு, போட்டோவைக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு. பின்னேரம் வாறன் எண்டு எழுதி விட்டன், பஸ் ஹோல்ட்டில நிக்கிறன் எண்டு எழுதினான். நேத்து.

ஓம், நேத்துத்தான். நேத்தும் இந்த பஸ்தான், இதே சீற்தான். வத்தளை வந்தது. அவன் நிண்டவன். ரெண்டு தூணுக்கும் நட்ட நடுவில, கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல். நான் குனிஞ்சு சட்டத்தைச் சுத்தின இந்தப் பேப்பரில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிச்சன். பழைய பேப்பர், மரக்கறி விலை. ஜா-எல வரும் மட்டும் வாசிச்சன். அங்க இறங்கி ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு, மற்ற பஸ்ஸில வீட்ட போயிட்டன். பஸ் பிந்திட்டுது எண்டு எழுதி விட்டன். அவன் எழுதினான், பரவாயில்ல, செத்தவனுக்கு என்ன அவசரம் எண்டு. அதாலதான் இண்டைக்கு வாறன் எண்டு எழுதிப்போட்டுத் திரும்பவும் வெளிக்கிட்டனான். அவன்ர வசனத்துக்கு நான் சிரிச்சன் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல பாருங்கோ.

வத்தள, வத்தள எண்டு மல்லி கத்துறார். கேக்குது மல்லி, கேக்குது.

பிள்ளை, நீங்க ஜன்னல் பக்கம். ஒருக்கா எட்டிப் பாருங்கோ, நான் பாக்கேல்ல. ஹோல்ட்டில ரெண்டு தூணுக்கு நடுவில ஆரும் நிக்கினமோ? ...ஒரு ஐயாவோ. சிரிக்கிறாரோ? இல்லையோ. அப்ப அவன்தான்.

என்ன? கழுத்திலயோ? ...கொஞ்சம் சாயுங்கோ, நான் பாக்கிறன்.

மல்லிகை மாலை. சேட்டுக்கு மேல போட்டுக்கொண்டு நிக்கிறான். சனமெல்லாம் அவனைப் பாக்குது, அவன் பஸ்ஸைப் பாக்கிறான். முகத்தில ஒண்டுமில்ல.

ஆனா பாருங்கோ, இடப் பக்கம் கட்டையா, வலப் பக்கம் நீண்டு... வேணுமெண்டுதான் விட்டிருக்கிறான்.

மல்லி, பஹினவா, இறங்கிறன்! கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை, இதை ஒருக்காப் பிடியுங்கோ, நான் எழும்ப. ம், தாங்கோ, தாங்கோ. நான் இறங்கி அந்த மாலையை நிமித்தி விடவேணும்.